காம்ப்ரி: மண்ணுக்கு உணவு, மனிதருக்கு அன்று

பயிரிடுவோர்க்கு ஆண்டுதோறும் எழும் கவலைகளுள் தலையாயது எருவைப் பற்றிய கவலையே ஆகும். நிலம் இருந்தும், நீர் இருந்தும், நல்ல விதை இருந்தும், எரு இல்லையேல் விளைவு இல்லை. கடையில் விற்கும் உரத்துக்குக் கைப்பொருள் வேண்டும். தொழுவுரத்துக்கு மாடு வேண்டும். இரண்டும் இல்லாத சிறு தோட்டக்காரர் என்ன செய்வார்? இவ்வினாவுக்கு ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் நிலத்துக்கும் காலநிலைக்கும் ஏற்ற விடையைக் கண்டிருக்கின்றனர். நம்மவர் கொழிஞ்சியையும் அகத்தியையும் சணப்பையையும் நாடினர். குளிரும் ஈரமும் மிகுந்த இங்கிலாந்து நாட்டுத் தோட்டக்காரர் நாடியது காம்ப்ரி என்னும் ஒரு செடியை.

அயல்நாட்டுச் செடி ஒன்றைப் பற்றி நாம் இங்கே விரித்து எழுதுவது ஏன் என அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அதற்குக் காரணங்கள் உள. காம்ப்ரியை வளர்த்துப் பேணும் முறையில், தோட்டம் வைத்திருப்போர் யாவரும் அறியத்தக்க செய்திகள் பல அடங்கியுள்ளன. மேலும், அச்செடியைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அரசாங்க ஆராய்ச்சிக் கூடங்களில் விளைந்ததன்று. சந்தா செலுத்தி ஒரு சங்கமாகக் கூடிய சாதாரண மக்கள், தத்தம் கொல்லைப்புறங்களில் நட்டுப் பார்த்துத் திரட்டியது. இவற்றோடு, நல்லெண்ணம் உடையோரும் எவ்வாறு ஒரு பெருந்தவறுக்கு இடங்கொடுத்துவிடக் கூடும் என்பதையும் இச்செடியின் கதை நமக்குக் காட்டுகிறது.

செடியின் இயல்பு

நம் ஊர் வரப்போரங்களில் வளரும் தேள்கொடுக்குச் செடியை அறியாதவர் இலர். அதன் பூங்கொத்து தேளின் வாலைப் போலச் சுருண்டிருக்கும். காம்ப்ரியும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூங்கொத்தும் அவ்வாறே சுருண்டிருந்து, மலர மலர நிமிர்ந்து, சிறுசிறு மணிகளைப் போன்ற பூக்களைத் தொங்கவிடும். பூக்கள் ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் முதலிய நிறங்களில் காணப்படும். தேனீக்களும் வண்டுகளும் இப்பூக்களை ஓயாது மொய்க்கும். நாக்குக் குட்டையான சில தேனீக்கள் பூவின் அடியில் துளையிட்டுத் தேனை எடுத்துச் செல்வதும் உண்டு.

செடி மூன்று, நான்கு அடி உயரம் வளரும். இலைகள் அகன்று நீண்டவை. இலையிலும் தண்டிலும் சொரசொரப்பான மயிர்கள் நிறைந்திருப்பதால் வெறுங்கையுடன் அறுப்பவருக்கு அரிப்பு உண்டாகும். வேர் வெளியே கறுத்தும் உள்ளே வெளுத்தும், தடித்தும், எளிதில் முறியக்கூடியதாயும், வழவழப்பான பசை நிறைந்ததாயும் இருக்கும். அது மண்ணுள் பல அடி ஆழம் இறங்கும். பனிக்காலத்தில் இலைகள் யாவும் மடிந்து, செடி இருந்த இடமே தெரியாமற் போய்விடும். இளவேனிலில் வேரிலிருந்து மீண்டும் தளிர் எழும்.

காம்ப்ரியில் பல இனங்கள் உண்டு. ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்வது சாதாரணக் காம்ப்ரி. காக்கேசிய மலைநாட்டில் தோன்றியது முரட்டுக் காம்ப்ரி. இவ்விரண்டும் கலந்து பிறந்ததே ருஷியக் காம்ப்ரி. பெற்றோர் இரண்டையும் விடச் செழித்து வளர்வதால் தோட்டங்களில் பயிரிடப்படுவது பெரும்பாலும் இந்தக் கலப்பினமே.

பழைய நாளில் இங்கிலாந்து நாட்டுக் கிராமத்தார் இச்செடிக்கு 'எலும்பைப் பின்னுவது' என்னும் பொருள்படும் ஒரு பெயரை வழங்கி வந்தனர். வேரை இடித்து, முறிந்த கை கால்களின்மேல் அப்பினால், அது உலர்ந்து இறுகிக் கட்டுப்போல் நின்று எலும்பு கூடத் துணைசெய்யும் என்பது அவர்கள் கொண்ட முறை. பின்னுதலையும் பிணைத்தலையும் தொழிலாகக் கொண்ட நம் நெசவாள அங்கத்தினர்கள் இப்பெயரின் நயத்தை நன்கு உணர்வர்.

பசை தேடியவர் கண்ட பயிர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துக் காகெஷால் என்னும் ஊரில் ஹென்றி டபிள்டே என்பவர் வாழ்ந்து வந்தார். 1810-இல் பிறந்து 1902-இல் மறைந்த அவர், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். சிறு நிலம் உடையவர். தபால் தலைகளின் பின்புறத்தில் தடவும் பசையைச் செய்து கொடுக்கும் தொழிலில் அவர் ஈடுபட்டிருந்தார். அதற்கு வேண்டிய பிசின் அயல்நாட்டிலிருந்து வரவேண்டியதாயிற்று. பாவுக்குக் கஞ்சி கிடைக்காத நெசவாளரின் நிலை எதுவோ, பிசின் கிடைக்காத அவருடைய நிலையும் அதுவே. காம்ப்ரி வேரின் வழவழப்பைக் கண்ட அவர், அதிலிருந்து பசை எடுக்கலாம் எனக் கருதி, 1870-களில் ருஷியாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்து செடிகளை வரவழைத்தார்.

பசை முயற்சி பலிக்கவில்லை. ஆனால் வந்து சேர்ந்த செடிகள் மேலே கூறிய கலப்பினமாய் இருந்தமையால், அவை வளர்ந்த வேகம் அவரை வியப்பில் ஆழ்த்தியது. அறுக்க அறுக்க அவை மீண்டும் மீண்டும் தழைத்தன. 1840-களில் அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தைத் தம் வாழ்நாளிலேயே கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் டபிள்டே. பசித்த கால்நடைகளுக்கும் மக்களுக்கும் இச்செடி உதவும் என்னும் நம்பிக்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது. எஞ்சிய நாட்களில் அவர் இப்பயிரைப் பரப்புவதிலேயே கருத்தைச் செலுத்தினார்.

அங்கத்தினர்களே ஆராய்ச்சியாளர்கள்

டபிள்டே மறைந்து அரை நூற்றாண்டு சென்றபின், லாரன்ஸ் ஹில்ஸ் என்னும் தோட்டக்கலை எழுத்தாளர் அவருடைய பணியைத் தொடர்ந்தார். 1953-இல் ருஷியக் காம்ப்ரியைப் பற்றி ஒரு நூலை வெளியிட்ட அவர், மறு ஆண்டில் அதே எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பாக்கிங் என்னும் இடத்தில் சிறிது நிலத்தைப் பெற்றுச் சோதனைத் தோட்டம் அமைத்தார். அங்கே உருவான சங்கத்துக்கு டபிள்டேயின் பெயரையே சூட்டி, ஹென்றி டபிள்டே ஆராய்ச்சிச் சங்கம் என வழங்கினார். அச்சங்கம் இன்று கார்டன் ஆர்கானிக் என்னும் பெயரால் இயங்கி வருகிறது.

அதன் அமைப்பு நமது கவனத்துக்கு உரியது. சந்தா செலுத்திய அங்கத்தினர்களே அதன் ஆராய்ச்சியாளர்கள். எல்லோரும் ஒரே சோதனையைத் தத்தம் தோட்டங்களில் செய்து, கண்டதைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புவர். ஒருவர் மண் களிமண். மற்றொருவர் மண் மணற்பாங்கு. ஒருவர் ஊரில் மழை மிகுதி. மற்றொருவர் ஊரில் குறைவு. எல்லாவற்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, தனி ஒருவர் தம் ஆயுள் முழுதும் முயன்றாலும் அறியமுடியாத உண்மைகள் புலப்பட்டன.

ஹில்ஸ் பல இடங்களிலிருந்து காம்ப்ரிச் செடிகளைச் சேகரித்து, அவற்றின் வேறுபாடுகளை நோக்கி, ஊரின் பெயரால் எண்ணிட்டு வகைப்படுத்தினார். அவற்றுள் பெரும்புகழ் பெற்றது 'பாக்கிங் 14' என்பது. அது இலை மிகுதியாகத் தரும், சாம்பல்சத்து நிறைந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக, முளைக்கும் விதை கட்டாது. விதை கட்டும் சாதாரணக் காம்ப்ரி தோட்டமெங்கும் சிதறி முளைத்துக் களையாகிவிடும். பாக்கிங் 14-க்கு அத்தீங்கு இல்லை. விதை இல்லாமையால் அதை வேர்த்துண்டாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குக் கொடுத்தே பரப்ப வேண்டும். ஒருமுறை பெற்றவர் மறுமுறை விலை கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. அவரே பத்துப் பேருக்குக் கொடுக்கலாம்.

நடும் முறை

காம்ப்ரியை எங்கே நடுவது என்பதை நன்கு ஆலோசித்து முடிவு செய்தல் வேண்டும். நட்டபின் மனம் மாறுவதற்கு இடமில்லை. விரல் நுனியளவு வேர் மண்ணுள் தங்கினாலும் அது மீண்டும் முளைக்கும். நிலத்தைக் கிளறி அதை ஒழிக்க முயல்வோர் ஒரு செடியை இருபது செடியாக்குவரேயன்றி ஒழித்தவர் ஆகார். ஆகவே தோட்டத்தின் ஒரு மூலையில் நிலையான பாத்தி ஒன்றை இதற்கென ஒதுக்க வேண்டும். ஒருமுறை நட்ட பாத்தி இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் பயன் தரும்.

வெயில் படும் இடம் நல்லது. சிறிது நிழலையும் இச்செடி பொறுக்கும். ஈரம் காக்கும் ஆழமான மண் வேண்டும். பாறையின்மேல் மெல்லிதாகப் படிந்த மண்ணிலும், சுண்ணாம்புப் பாறை மண்ணிலும் அது செழிக்காது. நடுவதற்கு முன் அறுகு முதலிய நிலையான களைகளை வேரோடு களைந்துவிட வேண்டும். காம்ப்ரி வேரூன்றியபின் அதனிடையே புகுந்த புல்லைப் பிரித்தெடுத்தல் அரிது.

இங்கிலாந்தில் மார்ச் முதல் மே வரையிலும், மீண்டும் செப்டம்பரிலும் நடுகின்றனர். செடிக்குச் செடி இரண்டு முதல் மூன்று அடி இடைவெளி விடுவர். இலை முளையுடன் கூடிய வேர்த்துண்டாயின் முளையின் நுனி மண்மட்டத்துக்குச் சற்றே கீழே இருக்குமாறும், வெறும் வேர்த்துண்டாயின் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வசமாகவும் வைத்து மூடுவர். வேர்த்துண்டு முளைத்து எழச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை மண் காயாதபடி நீர் விடுதல் அவசியம்.

முதல் ஆண்டில் இலையை அறுக்கலாகாது. பூந்தண்டு எழுந்தால் அதை மட்டும் கிள்ளிவிட வேண்டும். செடி தன் வலிமை முழுவதையும் வேருக்குச் செலுத்தும் காலம் அது. அவசரப்பட்டு முதலாண்டிலேயே அறுப்பவர் பின்வரும் ஆண்டுகளின் விளைவை இழப்பர்.

பேணுதலும் அறுத்தலும்

இரண்டாம் ஆண்டு முதல் செடி இரண்டடி உயரம் வளரும்போதெல்லாம், தரையிலிருந்து இரண்டங்குலம் விட்டு அரிவாளாலோ கத்தரியாலோ அறுக்கலாம். ஓர் ஆண்டில் நான்கு அல்லது ஐந்து முறை அறுக்கலாம். இலை மயிர் தோலில் அரிப்பை உண்டாக்கும் என்பதால் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிதல் நன்று. செப்டம்பர் முடிந்தபின் அறுக்கலாகாது. அதன்பின் வளரும் இலைகள் வேரில் உணவைச் சேமித்து வைக்கின்றன. அச்சேமிப்பைக் கொண்டே செடி பனிக்காலத்தைக் கடக்கிறது.

இச்செடிக்கு நேரும் நோய்களுள் குறிப்பிடத்தக்கது துருநோய். இலையின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படியும், செடி குன்றும். நோய் கண்ட செடியைத் தோண்டி அழித்து, நோயற்ற வேர்த்துண்டுகளை வேறிடத்தில் நடுவதே தக்க வழி.

பேணும் முறையில் பலரும் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. காம்ப்ரி பெரும்பசி உடைய செடி. நம் கொழிஞ்சியும் அகத்தியும் சணப்பும் அவரை இனத்தைச் சேர்ந்தவை. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும். காம்ப்ரிக்கு அவ்வாற்றல் இல்லை. அது தரும் சத்து அனைத்தும் மண்ணிலிருந்து எடுத்ததே. ஆழத்தில் கிடக்கும் சத்தை அதன் வேர் மேலே கொணர்வது மெய். எனினும் அதுவும் ஒரு நாள் குறையும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஆண்டுக்கு ஐந்து முறை அறுத்துக்கொண்டு, பாத்திக்கு ஒன்றும் இடாதவர், தோட்டத்தின் ஒரு மூலையை வறுமையாக்கி மறு மூலையை வளமாக்குகிறார்; அவ்வளவே. ஆகவே இளவேனிலிலும் அறுவடைக்குப் பின்னரும் பாத்திக்குத் தொழுவுரமோ மட்கிய குப்பையோ இடவேண்டும். மற்றப் பயிர்களைக் கருக்கிவிடக்கூடிய புதிய கோழி எருவையும், நீர் கலந்த சிறுநீரையும் வேரூன்றிய காம்ப்ரி பொறுத்து ஏற்கும். நேரே இடமுடியாத எருவை, இடத்தக்க இலையாக மாற்றித் தருவதே இச்செடி செய்யும் பேருதவி.

இலையின் சத்தும் உபயோகமும்

ஹென்றி டபிள்டே சங்கத்தார் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, வாடிய காம்ப்ரி இலையில் நூற்றுக்கு 0.74 பங்கு தழைச்சத்தும், 0.24 பங்கு மணிச்சத்தும், 1.19 பங்கு சாம்பல்சத்தும் உள்ளன. தொழுவுரத்தில் இவை முறையே 0.64, 0.23, 0.32 ஆகும். முதல் இரண்டிலும் பெரிய வேற்றுமை இல்லை. சாம்பல்சத்தில் மட்டும் காம்ப்ரி மூன்று மடங்குக்கு மேல் நிற்கிறது. நம் நாட்டு இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த முறைப்படி செய்த மட்கு உரத்தையும் அவர்கள் அதனோடு ஒப்பிட்டனர். அதில் சாம்பல்சத்து 0.81. கிழங்குக்கும் கனிக்கும் சாம்பல்சத்தே முதன்மை. ஆதலின் உருளைக்கிழங்கும் தக்காளியும் பயிரிடுவோர் இவ்விலையை விரும்பியதில் வியப்பில்லை.

மேலும், காம்ப்ரி இலையில் நார் மிகக் குறைவு. வைக்கோலை மண்ணில் புதைத்தால், அது மட்குங்காலத்தில் மண்ணின் தழைச்சத்தையே முதலில் தான் எடுத்துக்கொள்ளும்; பயிர் மஞ்சளிக்கும். காம்ப்ரி இலை அவ்வாறன்றி விரைவில் அழுகி, சத்தை உடனே விட்டுக்கொடுக்கும்.

இலையைப் பயன்படுத்தும் வழிகளுள் முக்கியமானவற்றைக் கூறுவோம்.

முதலாவது, கிழங்குச் சாலில் இடுதல். இளவேனிலின் முதல் அறுவடையும் உருளைக்கிழங்கு நடவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவது நல்வாய்ப்பு. அறுத்த இலையை ஓரிரு நாள் வாடவிட்டு, சாலில் ஓர் அடி நீளத்துக்குச் சுமார் அரைக் கிலோ வீதம் பரப்பி, மெல்லிய மண்ணால் மூடி, அதன்மேல் விதைக்கிழங்கை வைப்பர். வாடவிடுவதன் நோக்கம், துண்டுகள் மீண்டும் முளைக்காமல் இருப்பதே. பூந்தண்டு எளிதில் வேர்விடும் ஆதலால் அதைச் சாலில் இடுவதில்லை.

இரண்டாவது, மூடாக்கு. வாடிய இலையைத் தக்காளி, அவரை, பழப்புதர் ஆகியவற்றின் அடியில் இரண்டங்குல கனத்துக்குப் பரப்புவர். ஈரம் காக்கும், களை அடங்கும், இலை மட்கி உரமாகும்.

மூன்றாவது, இலைச்சாறு. இதில் இரு முறைகள் உள. குழாய் வைத்த பீப்பாயில் 90 லிட்டர் நீருக்குச் சுமார் 6 கிலோ இலை வீதம் இட்டு மூடி, நான்கு வாரம் கழித்து அந்நீரை அப்படியே பயிருக்கு விடுவது ஒன்று. நீர் சேர்க்காமல், அடியில் துளையிட்ட கலத்தில் இலையை இறுக அமுக்கி, மேலே கனமான பொருளை வைத்து, வடியும் கருஞ்சாற்றைச் சேகரித்து, ஒரு பங்குக்குப் பத்து முதல் இருபது பங்கு நீர் கலந்து விடுவது மற்றொன்று. முதல் முறையில் எழும் நாற்றம் சாமானியமானதன்று. இலையில் உள்ள புரதம் நீரில் அழுகுவதால் உண்டாவது அது. அடுத்த வீட்டாரின் நட்பைப் பேண விரும்புவோர் இரண்டாம் முறையைக் கைக்கொள்ளலாம்.

நான்காவது, குப்பைக் குழி. உலர்ந்த சருகுகளுக்கு இடையிடையே காம்ப்ரி இலையை அடுக்கினால், குவியல் விரைவில் சூடேறி மட்கும்.

நேர்ந்த தவறு

இதுவரை கூறியது செடியின் நற்பயன். இனிக் கூறப்போவதை அங்கத்தினர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம்.

காம்ப்ரியை மண்ணுக்கு உணவாக்கியவர்கள், அதை மனிதருக்கும் உணவாக்க விரும்பினர். அதன் இளந்தளிரைக் கீரையாகச் சமைத்தனர். இலையை உலர்த்தித் தேநீர் போல் அருந்தினர். வேரைப் பொடித்து மருந்தாக உட்கொண்டனர். இலையில் புரதம் மிகுதி என்பதும், புலால் உண்ணாதோர்க்கு அரிதான பி-12 வைட்டமினும் அதில் உண்டு என்பதும் பரவலாகப் பேசப்பட்டன. பி-12 பற்றிய பேச்சு, தேவைக்குப் போதிய அளவில் பொருந்துவதாய் இல்லை. லாரன்ஸ் ஹில்ஸும் இச்செடியின் உணவுப் பயனில் பெருநம்பிக்கை கொண்டிருந்தவரே. காம்ப்ரியைப் பற்றிய அவருடைய மற்றொரு நூல் 1976-இல் வெளிவந்தது.

ஈராண்டுக்குள், 1978-இல், ஜப்பானிய விஞ்ஞானிகள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். காம்ப்ரி இலையும் வேரும் கலந்த தீனியை நெடுங்காலம் உண்ட எலிகளின் கல்லீரலில் கட்டிகள் தோன்றின என்பதே அது. காரணம், அச்செடியில் இயற்கையாகவே உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்னும் நச்சு வகை. இலையைவிட வேரில் அது மிகுதி. முற்றிய இலையைவிடத் தளிரில் மிகுதி. கீரைக்கென மக்கள் விரும்பிப் பறித்தது தளிரையே என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நடுங்குகிறது. இந்நச்சு ஒருநாளில் கொல்வதன்று. கல்லீரலின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிறிது சிறிதாக அடைத்து, நோயாளியும் மருத்துவரும் காரணத்தை அறியாவண்ணம் உறுப்பையே கெடுப்பது. 2001-இல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகம், உட்கொள்ளும் காம்ப்ரிப் பண்டங்களை விற்பனையிலிருந்து நீக்குமாறு வணிகர்களுக்கு அறிவித்தது.

இது எங்கோ தொலைவில் உள்ள செடியின் நஞ்சு என நாம் இருந்துவிடலாகாது. இதே நச்சு வகை, தேள்கொடுக்கிலும் கிலுகிலுப்பை இனத்துச் செடிகள் பலவற்றிலும் உண்டு. 1970-களின் நடுவில், அப்போது மத்தியப் பிரதேசத்தில் இருந்து இப்போது சத்தீஸ்கரில் உள்ள சர்குஜா மாவட்டத்தில், கிராம மக்கள் பலர் வயிறு வீங்கி நோயுற்றனர், பலர் உயிரிழந்தனர். அவர்கள் உண்ட சிறுதானியத்தில் கிலுகிலுப்பை இனத்துக் களைச்செடியின் விதைகள் கலந்திருந்தமையே அதற்குக் காரணம் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். தானியத்தைப் புடைத்து, அயல்விதை நீக்கி உண்ணும் நம் முன்னோர் வழக்கம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, காம்ப்ரியை எவ்வடிவிலும் உட்கொள்ளுதல் கூடாது. அதில் உள்ள அல்லன்டாயின் என்னும் பொருள் புதிய திசு வளரத் துணைசெய்வது மெய்யே; சுளுக்கு, அடிபட்ட வீக்கம் ஆகியவற்றுக்கு மேற்பூச்சாக அதை இன்றும் பயன்படுத்துகின்றனர். ஆயினும் தோல் கிழிந்த இடத்தில் இடலாகாது. நீண்ட நாள் தொடர்ந்தும் இடலாகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குழந்தைகளும் அதை அணுகாதிருப்பதே நலம். கால்நடைகளுள் ஆடுகள் இந்நச்சை ஓரளவு தாங்கும்; பன்றியும் கோழியும் தாங்கா. உண்ட கால்நடையின் பாலிலும் அது சிறிதளவு சேரக்கூடும். மற்றோர் ஆபத்தும் உண்டு. இதயத்தைத் தாக்கும் கொடிய நஞ்சுடைய டிஜிட்டாலிஸ் செடியின் இலை, பூவாத காலத்தில் காம்ப்ரி இலையைப் போலவே தோன்றும். இரண்டையும் மயங்கிப் பறித்து அருந்தியவர்கள் உயிரிழந்ததும் உண்டு.

நமக்கு உரியது

நம் சமவெளியின் கோடை, குளிரும் ஈரமும் விரும்பும் இச்செடிக்கு ஏற்ற பருவமன்று. அதைத் தேடி வாங்குமாறு நாம் எவரையும் தூண்டவில்லை. கொழிஞ்சி, அகத்தி, சணப்பு, வரப்பில் வளரும் கிளைரிசிடியா ஆகியவை காற்றின் தழைச்சத்தையும் சேர்த்துத் தருவதால், நம் நிலத்துக்கு அவையே உற்ற துணை. ஆனால் காம்ப்ரி புகட்டும் முறை நமக்கும் பொருந்தும்: தழை வெட்டும் மரத்தடிக்கும் எரு இடுக, முதலாண்டில் பொறுத்திருக்க, ஓய்வுக் காலத்தில் வெட்டாதிருக்க, நல்ல கன்றும் குச்சியும் கிடைத்தால் அண்டை வீட்டாருக்கும் கொடுக்க.

நிற்க. இக்கதையில் நாம் மிகுதியும் சிந்திக்க வேண்டியது வேறொன்று. டபிள்டேயும் ஹில்ஸும் பொருளாசையால் தவறியவர்கள் அல்லர். பசித்தோர்க்கு உணவளிக்க வேண்டும் என்னும் பேராசையே அவர்களை ஆட்கொண்டது. உரமாகப் பயன்படும் என்றது கொல்லைகளில் பல்லாண்டு சோதிக்கப்பட்ட செய்தி. ஆகவே அது இன்றும் நிற்கிறது. உணவாகப் பயன்படும் என்றது உடனே தீங்கு தோன்றாமையால் நம்பப்பட்ட செய்தி. மெல்லக் கொல்லும் நஞ்சைக் கண்ணும் நாவும் காட்டிக்கொடுப்பதில்லை. 'எங்கள் பாட்டி உண்டாள், ஒன்றும் ஆகவில்லை' என்னும் சொல், சோதனைக்கு ஈடாகாது.

நம் சங்கக் கூட்டங்களிலும் புதுப்பயிர், புதுமருந்து, புதுச்சாயம் எனப் பலவும் பேசப்படுகின்றன. அவற்றைச் சிறு பாத்தியில், சிறு பாவில், பலரும் செய்து பார்த்து, விளைந்ததையும் விளையாததையும் ஒளிக்காமல் சங்கத்தில் உரைப்போமாக. நேற்று நாமே நல்லது என்று சொன்னது தீது எனத் தெரிந்தால், இன்றே அதை எடுத்துரைப்போமாக. அங்கத்தினர் ஒருவரின் பிழை அவரோடு நிற்கும். சங்கம் திருத்திக்கொள்ளாத பிழை அங்கத்தினர் அனைவரின் இல்லத்துக்கும் சென்று சேரும்.